முன்சக்கரத்தில் கீச்சொலி, பிரேக்கைத் தொட்டால் நின்றுவிடுகிறது: பேரிங்கா, பேடா?

அடிவாரம் | சேலம்

வணக்கம். என் கார் 2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், இதுவரை 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இடது முன்சக்கரத்துப் பக்கமிருந்து 'கீச்... கீச்... கீச்' என்று விட்டுவிட்டு ஓர் ஒலி வருகிறது. காலையில் வண்டியை எடுத்தவுடன் வராது. கால்மணி நேரம் ஓடிய பிறகு, சுவரை ஒட்டிய குறுகிய தெருக்களில் மெதுவாகப் போகும்போது தெளிவாகக் கேட்கிறது. வேகம் கூடினால் கீச்சுகள் நெருங்குகின்றன. 50-ஐத் தாண்டினால் காற்றிரைச்சலில் அமுங்கிவிடுகிறது. பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் நிற்கிறது. காலை எடுத்தால் மறுபடி தொடங்குகிறது.

பட்டறையில் காட்டினேன். சாலையில் ஓட்டிப் பார்க்காமலேயே முன்பக்க வீல் பேரிங் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பாகம்) இரண்டையும் மாற்ற வேண்டும், கூலியோடு 7,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அவ்வளவும் செலவழித்த பிறகு ஒலி அப்படியே இருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. பெற்றோரை அழைத்துக்கொண்டு அடிக்கடி ஏற்காடு ஏறி இறங்குகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. அடுத்த முறை ஏறுவதற்குள் இது என்னவென்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

நெடுஞ்சாலை | திருச்சி

பேரிங் என்றால் தள்ளிப்போடாதீர்கள். வாடகை வண்டி ஓட்டுகிறேன். முன்பேரிங் தேய்ந்த வண்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் சின்ன ஒலிதான் வரும். கவனிக்காமல் விட்டால் சக்கரமே ஆடத் தொடங்கும். பெரியவர்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிற வண்டி வேறு. பட்டறையில் சொன்னதைச் செய்துவிடுங்கள்.

பழைய ஸ்பேனர் | கோவை

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நெடுஞ்சாலையின் அக்கறை நியாயமானது. பேரிங் போயிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பேரிங்கைக் காட்டவில்லை. காருக்கு அடியிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதை நம்பித் தேடினால் ஏமாந்துபோவோம். கீச்சொலி தகட்டிலும் சட்டத்திலும் ஏறி வேறெங்கோ கேட்கும். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்தால்தான் பிடி கிடைக்கும்.

பேரிங் தேய்ந்தால் வருவது கனத்த உறுமல். 'ஊம்ம்' என்று தொடங்கி வேகத்தோடு ஏறும். 60, 70-ல் பேச்சையே அமுக்கிவிடும். வண்டியை வலப்பக்கம் வளைக்கும்போது எடை இடச்சக்கரத்தின் மேல் விழுகிறது. இடது பேரிங் கெட்டிருந்தால் அப்போது உறுமல் கூடும், இடப்பக்கம் வளைத்தால் அடங்கும். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சட்டென்று நின்றுபோகாது.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு உதவும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) வெளிப்புற மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் முனகினால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது வந்தால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட். உங்கள் ஒலி நேர்ச்சாலையில், சக்கரத்தோடு சேர்ந்து, பிரேக்குக்குக் கட்டுப்பட்டு வருகிறது. பிரேக்குக்குள்தான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

ஆனாலும் கணிப்பை வைத்துக்கொண்டு பாகம் வாங்கக் கூடாது. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். இரண்டு முன்சக்கரங்களின் பிளாஸ்டிக் வீல் கேப்பையும் கழற்றி உள்ளே போட்டுவிட்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். இரும்பு ரிம்மோடு கேப் உரசிக் கீச்சிடுவது மிகவும் சாதாரணம். அதைக் கண்டுபிடிக்காமல், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க் வரை மாற்றியவர்கள் உண்டு. பிறகு ஆளில்லாத சாலையில் ஒலி வரும்போது நியூட்ரலில் விட்டு உருளவிடுங்கள், லேசாக ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து ஒலி மாறினால் பெல்ட். மாறாவிட்டால் சக்கரம். எஞ்சினை அணைத்துவிட்டு மட்டும் உருளாதீர்கள். பிரேக்குக்குத் துணைவிசை போய்விடும்.

தாமிரபரணி | திருநெல்வேலி

பழைய ஸ்பேனர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பாலிடெக்னிக்கில் வகுப்பெடுப்பதால் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. உங்கள் டயரின் பக்கவாட்டில் என்ன அளவு எழுதியிருக்கிறது?

165/80 R14, அதாவது 14 அங்குல ரிம்முக்கான டயர் என்று வைத்துக்கொள்வோம். ரிம்மின் விட்டம் 356 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் 165-இல் 80 விழுக்காடு, அதாவது 132. மேலும் கீழுமாக 264. மொத்த விட்டம் 620. சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 5.56 மீட்டர். ஆக, அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். 10 கிலோமீட்டரில் அதில் பாதி.

பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, வேகத்தைச் சீராக 10-ல் பிடித்துக்கொண்டு, பத்து நொடிக்கு எத்தனை கீச்சு என்று எண்ணச் சொல்லுங்கள். பதினான்கை ஒட்டி வந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு கீச்சு. சக்கரம், டிஸ்க், ஹப், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவைதான் அந்த வேகத்தில் சுற்றுகின்றன. வண்டி நிற்கும்போதே எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 முறை சுற்றுகிறது, நொடிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு, பதின்மூன்று முறை. அதைச் சார்ந்த ஒலியை எண்ணவே முடியாது. ஓட்டும்போது நீங்களே எண்ண முயல வேண்டாம்.

அடிவாரம் | சேலம்

இருவருக்கும் நன்றி. டயர், தாமிரபரணி அக்கா சொன்ன அதே அளவுதான். தம்பியை எண்ணச் சொன்னேன். பதினான்கு, பதினைந்து என்று வந்தது. வீல் கேப்புகளைக் கழற்றியும் மாற்றமில்லை. நியூட்ரலில் உருளும்போதும் அப்படியே வருகிறது, எஞ்சினை உயர்த்தினாலும் மாறவில்லை. காலி மைதானத்தில் இடமும் வலமுமாக வளைத்து ஓட்டியதில் ஒலி கூடவோ குறையவோ இல்லை.

டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் பிரேக் பேட்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றியவை. எனவே பேடாக இருக்காது என்று பட்டறையில் சொன்னார்கள்.

வெண்ணாறு | தஞ்சாவூர்

நான் புதிதாக ஓட்டக் கற்றவன், தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். துரு நீக்கும் எண்ணெய் டப்பாவை வாங்கிச் சக்கரத்தின் இடுக்கில் பீய்ச்சினால் ஒலி நிற்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். செய்யலாமா?

பழைய ஸ்பேனர் | கோவை

கூடவே கூடாது. தம்பி வெண்ணாறு, கேட்டது நல்லது, கேட்காமல் செய்கிறவர்கள்தான் எனக்குப் பயம். டிஸ்க்கும் பேடும் உராய்வதால்தான் வண்டி நிற்கிறது. அந்த இடத்தில் எண்ணெய் பட்டால் ஒலி போகும், உண்மைதான், பிரேக்கும் போகும். அதிலும் ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் பட்டால், அழுத்தும்போது வண்டி மறுபக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் கழுவிச் சரிசெய்ய முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். டிஸ்க்கைத் துடைக்கப் பிரேக் கிளீனர் என்றே ஸ்பிரே விற்கிறது. ஆவியாகிப் போகும், எண்ணெய்ப் படலம் விடாது.

அடிவாரம் தம்பி, "இரண்டு ஆண்டுதான் ஆகிறது" என்பது ஒன்றையும் நிரூபிக்காது. எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதிலும் வெளிப்பேடைப் பார்த்துவிட்டு 'நிறைய இருக்கிறது' என்று சொல்வது எங்கள் தொழிலில் பரவிக் கிடக்கும் சோம்பல். ரிம்மின் ஓட்டை வழியாகத் தெரிவது வெளிப்பேட் மட்டும். உள்பேடைச் சக்கரத்தைக் கழற்றினால்தான் பார்க்க முடியும்.

கடற்கரைச்சாலை | சென்னை

பத்து மைல் தள்ளியிருந்தாலே கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு. மழை பெய்த மறுநாள் டிஸ்க்கில் படியும் மெல்லிய துரு முதல் நான்கைந்து பிரேக்கில் அழிந்துவிடும், அந்த ஒலிக்காகக் கவலைப்பட வேண்டாம். அடிவாரத்தின் ஒலி அதற்கு நேர்மாறாகச் சூடேறிய பிறகு வருகிறது. எனவே சூட்டை அளந்து பாருங்கள்.

தொடாமல் வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்கிறது. வழக்கமான தூரம் ஓட்டிவிட்டு, கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் அழுத்தாமல் வந்து நிறுத்தி, ரிம் ஓட்டை வழியாக இரண்டு பக்க டிஸ்க்குகளையும் அளந்து ஒப்பிடுங்கள். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி சற்றுக் குறைத்துக் காட்டும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி டிஸ்க்குகள் என்பதால் ஒப்பிடப் போதும். கையால் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

அடிவாரம் | சேலம்

அளந்துவிட்டேன். வலது 61 டிகிரி. இடது 117.

பழைய ஸ்பேனர் | கோவை

போதும். இடது பேட் டிஸ்க்கை விட்டு விலகவே இல்லை. ஏற்காட்டுக்கு இந்த வாரம் போகாதீர்கள், இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

காரணம் வெறும் ஒலி அன்று. சமதளத்தில் சும்மா ஓடியே 117 என்றால், மலையிலிருந்து இறங்கும்போது எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். அந்தச் சூடு பிஸ்டன் வழியாகப் பிரேக் எண்ணெய்க்குப் போகும். டாட் 3 (பிரேக் எண்ணெயின் ஒரு தர வகை) எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பழைய எண்ணெய்க்கு அந்த எல்லை 140. டாட் 4 என்றால் 230-ம் 155-ம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. வளைவுகளில் இரண்டாம் கியரில் எஞ்சினைக் கொண்டு பிடித்து இறங்குகிற பழக்கம் உங்களுக்கு இருக்கலாம். இருந்தாலும் ஒரு சக்கரம் தானாகவே கொதித்துக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கம் மட்டும் காப்பாற்றாது.

உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் உள்ள மிதக்கும் காலிப்பர், அதாவது பேட்களைப் பிடித்து அழுத்தும் கவ்வி. பிஸ்டன் உள்பேடைத் தள்ளும். டிஸ்க்கில் உள்பேட் முட்டியதும் காலிப்பர் முழுவதும் ஸ்லைட் பின்கள் என்ற இரண்டு கம்பிகள்மேல் வழுக்கி உள்பக்கம் நகர்ந்து, வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். அந்தப் பின்கள் காய்ந்தோ துருப்பிடித்தோ இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள்பேட் மட்டும் வேலை செய்து வேகமாகத் தேயும், வெளிப்பேட் புதிது போலவே இருக்கும். உள்பேடில் பெரும்பாலும் ஒரு மெல்லிய எஃகு நாக்கு பொருத்தியிருப்பார்கள். பேட் இரண்டு, மூன்று மில்லிமீட்டராகக் குறைந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். உங்களை எச்சரிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். டிஸ்க் என்பது முழுச் சமமாக இருக்காது, மயிரிழை அளவு ஆட்டம் இருக்கும். அதனால்தான் சுற்றுக்கு ஒரு கீச்சு. பிரேக்கைத் தொட்டதும் பேட் அசையாமல் பிடிபடுகிறது, நாக்கின் அதிர்வு அடங்குகிறது.

நீங்களே கழற்றிப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் எப்படி என்று எழுதுகிறேன். கை நடுங்கினால் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

அடிவாரம் | சேலம்

எழுதுங்கள் ஐயா. டயர் மாற்றியிருக்கிறேன், ஸ்பேனர் செட்டும், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சும் வீட்டில் இருக்கின்றன. தம்பியும் உடன் இருப்பான்.

பழைய ஸ்பேனர் | கோவை

வண்டி நன்றாக ஆறிய பிறகு, கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டு, அதன் பிறகு ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். ஜாக் ஸ்டாண்டு வையுங்கள். அது இருந்தாலும் கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே சட்டத்தின் அடியில் படுக்கவையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக்கொடுக்காதீர்கள்; கனம் தாங்காமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன், நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்சக்கர இழுவை வண்டியில் கொஞ்சம் கனம் இருக்கும், மெல்லிய உரசல் ஒலியும் இருக்கும். ஆனால் ஒரு தள்ளுக்கு ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

பிறகு சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காலிப்பரின் பின்பக்கத்தில் கீழ் ஸ்லைட் பின்னைப் பிடித்திருக்கும் போல்ட்டை அவிழ்த்தால், காலிப்பர் மேல் பின்னை அச்சாகக் கொண்டு மேலே திரும்பும். அதைக் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டிவையுங்கள். ரப்பர் குழாயில் தொங்கவிட்டால் குழாய் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. பேட்கள் எது உள், எது வெளி என்று குறித்துக்கொண்டு எடுங்கள். நான்கு மூலைகளிலும் தடிமனை அளந்து எழுதிவையுங்கள். பின்னிருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், தேயும் பகுதியை மட்டும். பின்கள் இரண்டையும் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். விரலுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

பேடின் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். மலிவான பேட்களில் என்னென்ன கலந்திருக்கிறதோ அவ்வளவும் நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால் துடையுங்கள். எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்குள் காலால் பிரேக்கை அழுத்திவிடாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும், தம்பியிடமும் சொல்லிவையுங்கள்.

நெடுஞ்சாலை | திருச்சி

சக்கரம் தூக்கியிருக்கும்போதே பேரிங்கையும் சோதித்துவிடலாம், சந்தேகம் தீர்ந்துவிடும். கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடங்களில் இரண்டு கையால் டயரைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். 3-ம் 9-ம் இருக்கும் இடங்களில் ஆடினால் டை ராட் முனை. இன்னொன்று, ஒரு கையை ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் ஸ்பிரிங் வழியாகக் கைக்குத் தெரியும். விரல் சுருளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிவாரம் | சேலம்

கழற்றிப் பார்த்தாகிவிட்டது. நெடுஞ்சாலை அண்ணா சொன்ன சோதனைகளில் ஆட்டமும் இல்லை, நடுக்கமும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். ஆனால் வலது சக்கரம் ஒரு தள்ளுக்கு ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது, இடது அரைச் சுற்றில் நின்றுவிட்டது, கீச்சொலியும் அங்கேயே கேட்டது.

இடது வெளிப்பேட் நான்கு மூலையிலும் 7 மில்லிமீட்டர். உள்பேட் மேல்பக்கம் 4, கீழ்ப்பக்கம் 2. சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. எஃகு நாக்கின் நுனி கண்ணாடிபோல மின்னுகிறது, டிஸ்க்கின் உள்முகத்தில் அது கீறிய வட்டம் தெரிகிறது. மேல் பின் எளிதாக நகர்கிறது. கீழ்ப் பின் அசையவே இல்லை. அதன் ரப்பர் உறை ஒரு பக்கம் கிழிந்து உள்ளே செம்மண்ணும் துருவுமாக இருக்கிறது. முறுக்கி முறுக்கித்தான் வெளியே எடுத்தோம். கிரீஸ் என்று எதுவும் இல்லை.

இனி என்னென்ன வாங்க வேண்டும்? இடப்பக்கப் பேட் மட்டும் போதுமா?

கடற்கரைச்சாலை | சென்னை

பேட்களை ஒரு அச்சுக்கு மொத்தமாக மாற்றுங்கள், நான்கும். கடைகளிலும் செட்டாகத்தான் தருவார்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிடிமானம் வேறுபட்டு வண்டி இழுக்கும்.

நெடுஞ்சாலை | திருச்சி

வலப்பக்கம் ஐந்தாறு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தால் அதை வீணாக்குவானேன் என்று வாடகை வண்டிக்காரர்கள் நினைப்போம். ஆனால் மலை ஏறுகிற குடும்ப வண்டி என்பதால் நானும் நான்கையும் மாற்றத்தான் சொல்வேன். கழற்றிய நல்ல பேட்களை டிக்கியில் போட்டுவையுங்கள், அவசரத்துக்கு உதவும்.

தாமிரபரணி | திருநெல்வேலி

டிஸ்க்கை அளந்தீர்களா? குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே, விளிம்பிலோ நடுத்தொப்பியிலோ பொறித்திருக்கும். வெர்னியர் அளவுகோலை அப்படியே வைத்தால் தாடைகள் தேயாத வெளிவிளிம்பில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக்காட்டும். ஒரே தடிமன் உள்ள இரண்டு நாணயங்களை, தேய்ந்த பகுதியில் இருபுறமும் வைத்து அளந்து, பிறகு நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு இடங்களில் பாருங்கள்.

அடிவாரம் | சேலம்

நாணய வழி அருமை அக்கா. பொறித்திருப்பது 15. எனக்குக் கிடைத்தது எல்லா இடத்திலும் 16-ஐ ஒட்டி. கீறல் நகத்தில் லேசாகத்தான் தட்டுப்படுகிறது.

பழைய ஸ்பேனர் | கோவை

டிஸ்க் இருக்கட்டும், மாற்ற வேண்டாம். வாங்க வேண்டியவை: முன்பேட் செட், இரண்டு பக்க ஸ்லைட் பின்களுக்குமான ரப்பர் உறைகள், பேட் உட்காரும் இடத்தில் வரும் மெல்லிய ஸ்பிரிங் தகடுகள், ஒரு சிறிய குழாய் சிலிக்கான் பிரேக் கிரீஸ். அந்த இறுகிய பின்னில் துரு குழி விழுந்திருந்தால் பின்னையும் மாற்றுங்கள்.

கிரீஸில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பட்டறையில் தகரடப்பாவில் இருக்கும் சாதாரண மஞ்சள் கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. பிரேக்கின் ரப்பர் அதில் ஊறி உப்பிப் பின்னைக் கவ்விக்கொள்ளும். சில மாதங்களில் இதே கதை திரும்ப வரும். பட்டறைக்கு வந்த வண்டிகளில் திரும்பத் திரும்ப இதைத்தான் பார்த்தேன்; நல்ல பேட் போட்டிருப்பார்கள், பத்து ரூபாய் கிரீஸில் எல்லாம் பாழாகியிருக்கும்.

ஸ்லைட் பின் போகும் துளையை மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பிரேக் கிளீனரால் கழுவிக் காயவிடுங்கள். பின்னில் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். கிரீஸை அடைத்துவிட்டால் உள்ளே காற்று சிக்கி, அது பின்னைத் திருப்பித் தள்ளும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பல வண்டிகளில் ஒன்றில் ரப்பர் வளையமோ தட்டையான முகமோ இருக்கும். இடம் மாற்றிப் போடாதீர்கள். பேடின் காதுகள் உட்காரும் இடத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். புதுப்பேட் அங்கே கையாலேயே நகர வேண்டும், சுத்தியால் தட்டி உட்காரவைக்கக் கூடாது.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பழைய பேடைக் குறுக்கே வைத்து, சி வடிவக் கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். மேலே பிரேக் எண்ணெய்க் குடுவையில் மட்டம் ஏறும், வழிந்தால் பெயின்ட் உரியும், தம்பியை அங்கே நிறுத்துங்கள். பிஸ்டன் வழுவழுவென்று உள்ளே போனால் நல்லது. அடம்பிடித்தாலோ, அதன் தூசி உறை கிழிந்து ஈரம் கசிந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அது வீட்டு முற்றத்து வேலை இல்லை.

எல்லாம் மாட்டியபின் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நிதானமாகப் பலமுறை அழுத்துங்கள். முதல் அழுத்தலில் பெடல் தரைவரை போகும், பிஸ்டன் பேடைத் தொட்டதும் கெட்டியாகும். இதைச் செய்யாமல் வண்டியை எடுத்து எதிர்ச்சுவரில் போய் மோதியவர்கள் இருக்கிறார்கள். வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் முறுக்கி, தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கம் கொடுங்கள். இந்த அளவு கார்களுக்கு 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான எண்ணையும் காலிப்பர் போல்ட்டுக்கான எண்ணையும் கையேட்டிலோ சர்வீஸ் மையத்திலோ கேட்டு அதையே பின்பற்றுங்கள்.

வடமராட்சி | யாழ்ப்பாணம்

நல்ல உரையாடல், ஊன்றி வாசித்தேன். எனது காரிலும் முன்சில்லில் கீச்சொலி. ஆனால் எனக்கு பிறேக் பிடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரித்தான். கிரவல் பாதையில் போய்வந்த அன்றிலிருந்து தகரத்தைக் கீறுவதுபோல் கேட்கிறது. சூடும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பேட் மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பேனர் | கோவை

வேண்டாம் ஐயா. டிஸ்க்குக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய தகரக் கேடயம் இருக்கும். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கும், இல்லையென்றால் கேடயம் வளைந்து டிஸ்க்கைத் தொடும். காலியிடத்தில் மெதுவாகப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள், பல நேரம் கல் தானாக விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, கேடயத்தை விரலால் சற்று வெளியே வளைத்துச் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். செலவே இல்லை.

வடமராட்சி | யாழ்ப்பாணம்

பின்னோக்கி ஓட்டியதில் ஒரு கல் விழுந்தது. ஒலி இல்லை. மிக்க நன்றி.

அடிவாரம் | சேலம்

இரண்டு பக்கமும் முடித்துவிட்டோம். வலப்பக்கக் கீழ்ப் பின்னும் வறண்டுதான் இருந்தது, இறுகவில்லை. அதையும் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தோம். இடது பின்னில் குழிகள் இருந்ததால் புதிது போட்டோம். பாகங்களுக்கு எல்லாமாக 2,300 ரூபாய் ஆனது. பழைய கீச்சொலி இல்லை. அதே பாதையில் ஓட்டி அளந்ததில் இடது 63, வலது 60.

ஆனால் இப்போது சிக்னலில் நிற்கப்போகும் கடைசி நொடியில் மெல்லிய கிரீச்சொலி வருகிறது, பிரேக்கை அழுத்தும்போது மட்டும். பெடல் கெட்டியாக இருக்கிறது. இது எதனால்?

கடற்கரைச்சாலை | சென்னை

புதுப்பேட் இன்னும் டிஸ்க்கோடு பழகவில்லை. ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 10 வரை மிதமாகப் பிரேக் பிடித்துக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். இடையில் அரை நிமிடமாவது ஓடவிட்டு ஆறவிடுங்கள். எட்டு, பத்து முறை இப்படிச் செய்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும். முடித்ததும் பிரேக்கை அழுத்திக்கொண்டு நிற்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற்றுங்கள், சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.

தாமிரபரணி | திருநெல்வேலி

அதன் பிறகும் இருந்தால், பேடின் முதுகில் வரும் மெல்லிய தகட்டை மாட்டினீர்களா என்று பாருங்கள். அழுத்தும்போது பேட் அதிவேகமாக அதிர்வதுதான் அந்த ஒலி. அதிர்வை அடக்கவே அந்தத் தகடு. பழைய பேடிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவது நிறைய நடக்கிறது.

அடிவாரம் | சேலம்

தகடு புதுப்பேடிலேயே ஒட்டி வந்திருந்தது. புறவழிச்சாலையில் அதிகாலையில் போய்க் கடற்கரைச்சாலை அண்ணா சொன்னபடி செய்தேன். கிரீச்சொலியும் போய்விட்டது.

பிரேக் எண்ணெய் எப்போது மாற்றியது என்று பதிவேட்டில் எதுவும் இல்லை. மலைக்குப் போவதற்கு முன் அதையும் மாற்றிவிடவா ஐயா?

பழைய ஸ்பேனர் | கோவை

கட்டாயம் மாற்றுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன, அதைத் தாண்டியிருக்கும். குடுவையின் மூடியில் டாட் 3 என்றிருக்கிறதா, டாட் 4 என்றிருக்கிறதா என்று பார்த்து, முத்திரை உடைக்காத புது டப்பா வாங்குங்கள். திறந்து வைத்த டப்பா ஈரம் உறிஞ்சியிருக்கும். நான்கு சக்கரத்திலும் காற்று எடுக்க வேண்டிய வேலை, எனவே பட்டறையிலேயே செய்யுங்கள். கூடவே நின்று பாருங்கள். வீல் நட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடியபின் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஏற்காட்டுக்குக் கிளம்புங்கள்.